எழுவாய் உட்கார்ந்த பெஞ்சு

மாசிலாமணியைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, தோணிமேட்டு ஏரிக்கரை முக்கில் பூட்டிக் கிடந்த அவனுடைய டீக்கடையின் வாசலில், இரண்டு கருங்கல்லின் மேல் போட்டிருந்த பனம்பலகைப் பெஞ்சின் கிழக்கு முனை ஆள் யாரும் உட்காராமலேயே ஒரு முனகலோடு தாழ்ந்தது. மேற்கு முனையில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்த புலவர் ஆளவந்தார் கால்கள் தரையில் படாமல் சற்று மேலே எழும்பினார். எழும்பியவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து படித்தார். அவர் படித்துக்கொண்டிருந்த தலைப்பு, 'ஏரிக்கரையில் வாலிபர் அடித்துக் கொலை' என்பது.

அந்த வாலிபர் யாரென்று அங்கே நின்றிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏரியைத் தூர்த்து மனைப்பிரிவு போடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே, அடுப்பையும் கடையையும் மனைவி பூங்காவனத்திடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்து மதகடியில் உட்கார்ந்தவன் அவன். பழக்கமில்லாததால் கொடியைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தவன். நாங்கள் பசை வாளியும் துண்டறிக்கையுமாக ஆயுளைக் கழித்தவர்கள், தடி வரும்போது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று உடம்பால் படித்தவர்கள். அவன் டீ ஆற்ற மட்டும் படித்தவன். லாரியில் வந்து இறங்கியவர்கள் முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள், அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவன் ஒருவனை அடித்தார்கள், அவன் விழுந்ததும் மறுபடி லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். எல்லாப் பத்திரிகைகளும் ஒரே வாய் சொல்லி எழுதியதுபோல் ஒரே தலைப்பைப் போட்டன, அடித்தவன் எந்தத் தலைப்பிலும் இல்லை, தலைப்புக்குக் கீழேயும் இல்லை.

"அடித்து என்று ஒரு எச்சம் இருக்கிறதல்லவா" என்று புலவர் அந்தரத்தில் கால் ஆட்டிக்கொண்டே விளக்கினார். அடித்தவன் இல்லாமல் அடித்து என்ற சொல் வராது, வாக்கியத்தில் அவனுக்கு இடம் கொடுக்காததால் அவன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான், இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். கறாராகப் பார்த்தால் வினைமுதல் என்றே சொல்லவேண்டும் என்று பிறகு தம்மையே திருத்திக்கொண்டார். ஆனால் ஊரில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள் என்பதால், எழுவாய் என்பதுதான் அவர்கள் நாக்கில் முதலில் வந்தது, வந்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. பஞ்சர் கடை ஜப்பார் பாய் தாழ்ந்து கிடந்த முனையைக் குனிந்து பார்த்துவிட்டு, "பேருதான் எழுவாய். எழுந்திருக்கவே மாட்டேங்குதே புலவரே" என்றார். துக்க வீட்டு வாசல் என்பதையும் மறந்து சிலர் சிரித்தார்கள்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று பூங்காவனம் முதல் டீயை அந்த முனையில்தான் வைத்தாள். கிளாஸில் டீ மெல்ல இறங்கியது, இறங்கி முடிந்ததும் கிளாஸ் பலகைமேல் குப்புறக் கவிழ்ந்தது. அவள் கவிழ்ந்த கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்தாள். புருஷனைக் கொன்றதற்கா டீ ஊற்றுகிறாய் என்று நாங்கள் கோபப்பட்டபோது, டீ கிடைக்காவிட்டால் வேறு எங்காவது எழுந்து போய்விடும், போனால் எங்கே தேடுவது, இங்கே இருந்தால் கண் முன்னால் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு ஊற்றப் போனாள்.

ஊர்க்காரர்கள் முதலில் அந்த முனையைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள், பிறகு வணக்கம் வைத்துப் போனார்கள், பிறகு வணக்கம் வைக்காமல் போனவர்களை முறைத்தார்கள். முகம் இல்லாத ஒன்றை எந்த முகமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. மேட்டுத் தெருச் சங்கத்தார் அது எங்கள் ஆள் என்றார்கள். தேரடித் தெருச் சங்கத்தார் எங்கள் ஆள் என்பதால்தான் முகம் காட்டாமல் அடக்கமாக இருக்கிறார் என்றார்கள். இரண்டு சங்கமும் போட்டி போட்டுக்கொண்டு வருக வருக என்று பேனர் கட்டின, பேனரின் நடுவில் முகம் வரவேண்டிய இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளை இருந்தது, அதைச் சுற்றித் தலைவர்கள் கை கூப்பி நின்றார்கள். அம்மன் கோயில் திருவிழாவில் அதற்குத்தான் முதல் மரியாதை செய்தார்கள். பெஞ்சுக்கு மேலே வெறும் காற்றில் பரிவட்டம் கட்டினார்கள், துணி விழாமல் நின்றது. அது என்று சொன்னவர்கள் எழுவாயார் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

பிறகு ஊரின் பேச்சு மாறியது. எழுவாயாருக்கு எதிரில் இன்னார் இதைச் செய்தார் என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு என்று யாரோ சொன்னார்கள், யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் உடைக்கப்பட்டது என்றார்கள், தள்ளாடி வந்த புருஷன்மார் கொஞ்சம் குடிக்கப்பட்டது என்றார்கள், பெண்டாட்டிமார் சோறு ஆக்கப்படவில்லை என்று கதவைச் சாத்தினார்கள். நூலகத்து வாசலில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் நீ விரும்பப்படுகிறாய் என்று சொல்ல, அவள் யாரால் என்று கேட்க, அவன் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான். சிரிக்க இருந்தது அதோடு சரி. சுவர்களில் கையெழுத்தில்லாத தாள்கள் ஒட்டப்பட்டன. மதகடியில் கூடுவது தடை செய்யப்பட்டுள்ளது. மதகு மூடப்பட்டுள்ளது. யார் மூடியது என்று போய்க் கேட்டால், மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் டீக்கடை இருக்கும் திசையைக் கை காட்டினார்கள்.

ஏரிப் பாசனச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தபோது தலைவர் பதவிக்கு எழுவாயாரின் பெயரைத்தான் முன்மொழிந்தார்கள். எதிர்த்து நிற்க இருந்த இருவரையும் விசாரித்தால், விலகப்பட்டது என்று இல்லாத தமிழில் பதில் சொன்னார்கள். அதைக் கேட்டு முகம் சுளித்தது புலவர் ஒருவர்தான், அதுவும் இலக்கணத்துக்காக. எழுவாயார் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றே லாரிகள் இடிபாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டத் தொடங்கின, கொக்குகள் கரையில் நின்று பார்த்தன, நாங்களும் நின்று பார்த்தோம். முழக்கம் போட்டே தொண்டை கட்டிய எங்களுக்கு, முகமில்லாத ஒன்றை எந்தப் பெயர் சொல்லி ஒழிக என்று கத்துவது எனத் தெரியவில்லை.

பூங்காவனத்துக்குப் பெயர் தெரியும். எழுவாய் வந்து உட்காரும் முன்பே தெரியும். மாசிலாமணியை அடித்த அன்று, கொஞ்ச நேரம் முன்னால், ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மனைப்பிரிவு போட இருந்த கஜபதி அதே பெஞ்சின் கிழக்கு முனையில் உட்கார்ந்து டீ குடித்தபடி போனில் பேசியிருக்கிறார். ஒருத்தனை மட்டும் போடுங்க, மத்தவன் தானா கலைஞ்சிடுவான் என்று சொல்லிவிட்டு, குடித்த கிளாஸை அவர் வழக்கப்படி குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். நாலடி தள்ளித் தொட்டியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவளுக்கும் காது உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஒருத்தன் தன் புருஷன்தான் என்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை. அன்று மாலையிலிருந்து கஜபதியை ஊரில் யாரும் பார்க்கவில்லை, சிகிச்சைக்காக வெளிநாடு போயிருக்கிறார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

இதை அவள் அஞ்சுகத்திடம் சொன்னாள். அஞ்சுகம் எங்கள் ஊரில் 'மடை' என்ற நாலு பக்கப் பத்திரிகையைத் தனி ஆளாக நடத்திவந்தவர். பெரிய பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தும் வேலை பார்த்து, அங்கே திருத்தக்கூடாத பிழைகளே அதிகம் என்று விட்டுவிட்டு வந்தவர். விளம்பரம் வாங்காதவர், எந்தக் கட்சியையும் மாடிப்படி ஏற விடாதவர், எங்கள் இயக்கத்தையும் சேர்த்துத்தான். நேரில் கண்டவரோ கேட்டவரோ இரண்டு பேர் தங்கள் பெயரைப் போடச் சம்மதித்துச் சொன்னால் மட்டுமே அச்சிடுவது என்பது அவருடைய விதி. அந்த விதியை நாங்கள் பல காலம் ஏளனம் செய்திருக்கிறோம், எதிரியின் பெயரை முதலில் எழுதிவிட்டுக் குற்றத்தைப் பிறகு யோசித்துப் பழகியவர்கள் நாங்கள்.

"நான் சொல்றேனே அக்கா, போதாதா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"நீ அவன் பொண்டாட்டி. உன் ஒருத்தி சொல்லை வச்சு நான் போட்டா, உன் சொல்லையே பொய்யாக்கிடுவாங்க. அன்னைக்குக் கடையில வேற யாரு இருந்தா?"

"ஒருத்தர் இருந்தாரு."

"யாரு?"

"அவரேதான் வந்து சொல்லணும். நான் அவரு பேரை இழுத்தா அதுவும் என் சொல்லுதானே, அவரு சொல்லு ஆகாதே."

அந்த வாரத்து இதழின் முதல் பக்கத்தில் அஞ்சுகம் ஒரே ஒரு வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போட்டார். முதலில் நீளமாக ஒரு கோடு, அதன்பின், மாசிலாமணியை அடித்துக் கொல்லச் சொன்னார். கீழே சின்ன எழுத்தில், கேட்ட ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் முன்வரும்வரை இந்த இடம் காத்திருக்கும் என்று இருந்தது. அடுத்த இதழிலும் அதே வாக்கியம், அதற்கடுத்த இதழிலும் அதே.

ஆனால் கோடிட்ட இடத்தைப் பார்த்தால் நிரப்பியே பழகிய ஊர் அது, பிரம்பை வைத்து நிரப்பச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஊர். சுவர்களில் ஒட்டியிருந்த 'மடை'யில் ஆளுக்கு ஒரு பேனாவால் எழுதினார்கள். மேட்டுத் தெரு தேரடித் தெருவின் பெயரை எழுதியது, தேரடித் தெரு கீழ்க் காலனியின் பெயரை எழுதியது, வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் அந்தக் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. கடைசியில் பல கைகள் சேர்ந்து ஒரே பெயரை எழுதின, எழுதிய கையோடு போய் ஜப்பார் பாயின் பஞ்சர் கடையைக் கொளுத்தின. டயர்ப் புகை ஏரிக்கு மேலே கறுப்பாக நின்றது. கடை எரிக்கப்பட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று பெஞ்சின் கிழக்கு முனை இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது, புலவர் இன்னும் ஒரு விரற்கடை உயர்ந்தார், தாம் உயர்ந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அஞ்சுகம் வாளியில் தண்ணீரும் சுரண்டும் தகடுமாகச் சுவர் சுவராகப் போய் அந்தப் பெயர்களைச் சுரண்டினார். நாங்கள் ஒட்டத் தெரிந்தவர்கள், அன்று முதல் முறையாகச் சுரண்டினோம். காலியிடமும் ஒரு பொய்யாகிவிடும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும், ஊகித்து நிரப்புகிறவர்கள் கொன்றவனுக்குத்தான் வேலை செய்கிறார்கள் என்றும் எழுதி அடுத்த இதழைக் கொண்டுவந்தார். அதைக் கட்டு பிரிப்பதற்குள் ஜீப் வந்தது. அவர்மேல் போட்ட வழக்கு விசித்திரமானது: பெயர் எதையும் குறிப்பிடாமல் விட்டதன் மூலம் மதிப்புக்குரிய ஒருவரை அவதூறு செய்துவிட்டார். ஜீப் டீக்கடையைக் கடந்தபோது அவர் தலையை வெளியே நீட்டிப் பூங்காவனத்திடம், "இடத்தை விட்டுடாதே" என்றார். ஆசிரியர் கைது செய்யப்பட்டார் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

மாசிலாமணியின் நினைவு நாள் வந்தது. தடை இருந்ததால் மதகடியில் கூடாமல் டீக்கடை வாசலில் கூடினோம், டீ குடிக்க வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதற்காக ஆளுக்கு ஒரு கிளாஸைக் கையில் வைத்திருந்தோம். புலவர் ஆளவந்தாரைப் பேசச் சொன்னோம். அவர் அந்தரத்தில் உட்கார்ந்தபடியே பேசினார், அழகாகப் பேசினார். யார் கொன்றது என்று ஊர் கேட்கிறது, கண்ணாடியைப் பார்த்துக் கேட்கட்டும் என்றார். வேடிக்கை பார்த்த கண் கொன்றது, வாய் திறக்காத நாக்கு கொன்றது, நாம் எல்லோரும்தான் அந்த எழுவாய் என்றார். கூட்டம் அழுதது. நானும் தலை கவிழ்ந்தேன், எங்கள் தோழர்கள் சிலர் கைகூடத் தட்டினார்கள். குற்றத்தைப் பந்தியில் பரிமாறினால் இலைக்கு ஒரு பருக்கைதான் விழும், ஒரு பருக்கையை எவனும் தின்று செரித்துவிடலாம். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது.

பூங்காவனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் இல்லீங்க ஐயா" என்றாள்.

அழுகை நின்றது.

"நான் அன்னைக்குக் கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தேன். ஜப்பார் பாய் டியூப் ஒட்டிக்கிட்டு இருந்தாரு. என் புருசன் கொடியைப் பிடிச்சுக்கிட்டு மதகடியில உக்காந்திருந்தான். எல்லாரும்னு சொன்னா அவனையும் சேத்துதானே சொல்றீங்க? அவனை அவனே அடிச்சுக்கிட்டானா?"

புலவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னைக்கு நீங்க இந்தப் பெஞ்சுலதான் இருந்தீங்க. பேப்பரை மூஞ்சிக்கு நேரா பிடிச்சிருந்தீங்க. அந்தாளு பேசி முடிக்கிறவரைக்கும் ஒரு பக்கத்தைக்கூட நீங்க திருப்பலை. உங்க பேரை நான் இதுவரைக்கும் அக்காகிட்டகூடச் சொல்லலை. நீங்களா சொல்லுவீங்கன்னு தினமும் உங்களுக்கும் டீ ஊத்திக்கிட்டு இருக்கேன்."

ஊரே அவரைப் பார்த்தது. தமிழில் அவருக்குத் தெரியாத சொல் இல்லை, அன்று அவர் அத்தனை சொற்களுக்குள்ளும் ஒளிய இடம் தேடியதை நாங்கள் பார்த்தோம். கடைசியில், "ஏதோ கேட்கப்பட்டது" என்றார்.

"யாரால, ஐயா?" என்று பூங்காவனம் கேட்டாள். நன்றாகப் படிக்காத பிள்ளையிடம் கேட்பதுபோல் பொறுமையாகத்தான் கேட்டாள்.

லாரிகள் மண் கொட்டும் சத்தம் ஏரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. புலவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிய முகம் வயதான, சாதாரணமான முகமாக இருந்தது.

"நான்" என்றார். அந்தச் சொல்லை அந்த ஊர் கேட்டு வெகு நாளாகியிருந்தது. "நான் கேட்டேன். கஜபதி போனில் சொன்னான். ஒருத்தனை மட்டும் போடுங்க என்று சொன்னான். நான் கேட்டேன், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சுகத்தின் பத்திரிகையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்."

பெஞ்சின் கிழக்கு முனை நடுங்கியது. பூங்காவனம் அந்தப் பக்கம் திரும்பினாள், குடித்த கிளாஸைத் தொட்டியில் வைக்கச் சொல்கிற அதே குரலில், "கஜபதி, எந்திரி" என்றாள்.

அது எழுந்தது. கிழக்கு முனை சட்டென்று மேலே வந்தது, மேற்கு முனை இறங்கியது, இத்தனை மாதம் கழித்துப் புலவரின் கால்கள் தரையைத் தொட்டன. எழுந்து நின்றது கஜபதிதான். சவரம் செய்யாத கன்னம், குதிகாலில் பித்தவெடிப்பு, வேட்டியில் இடிபாட்டு மண், தலையில் கோயில் பரிவட்டம் அழுக்கேறி அப்படியே இருந்தது. கையில் ஒரு கிளாஸ், அதைக் கவிழ்த்து வைக்க இடம் தேடுவதுபோல் சுற்றிப் பார்த்தார். எழுவாயாருக்காகப் பேனர் கட்டியவர்கள், இவ்வளவு குள்ளமா என்று முணுமுணுத்துக்கொண்டார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. கூட்டம் விலகி வழி விட்டது, அவர் அந்த வழியே தெருவுக்கு நடந்தார். கிளாஸை மட்டும் பூங்காவனம் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் அஞ்சுகம் இல்லாமலேயே 'மடை' வந்தது, மாடியில் இருந்த மெஷினை நாங்கள்தான் ஓட்டினோம். சிறைக்குப் போய் அவரிடம் மெய்ப்பு காட்டியபோது, எங்கள் வழக்கப்படி நாங்கள் சேர்த்திருந்த கொலைகாரன், துரோகி, ஓநாய் எல்லாவற்றையும் அவர் அடித்துவிட்டார். மூன்று வாக்கியம் மிஞ்சியது. கஜபதி, மாசிலாமணியை அடித்துக் கொல்லச் சொன்னார். நான் கேட்டேன் - பூங்காவனம். நான் கேட்டேன் - ஆளவந்தார். ஆயுள் முழுக்க நான் எழுதியவற்றில் அத்தனை சின்னதும் இல்லை, அத்தனை கனமானதும் இல்லை. அன்று பாசனச் சங்கத்தார் நாங்கள்தான் எழுவாயார் பெயரை முன்மொழிந்தோம் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள், லாரி ஓட்டுநர்கள் யார் அனுப்பியது என்று கேட்டார்கள், பதில் வராததால் வண்டியை ஓரம் கட்டினார்கள். ஏரியில் பாதி போயிருந்தது, பாதி இருந்தது.

அஞ்சுகம் ஜாமீனில் வந்துவிட்டார். அந்த இதழ் வந்தபின் போலீஸ் பிடித்துப்போன கஜபதியும் ஜாமீனில் வந்துவிட்டார், இவரைவிடச் சீக்கிரம். ஜப்பார் பாய் கடையைப் போட்டிருந்த இடத்தில் இன்னும் கரி இருக்கிறது, கொளுத்தியவர்களில் ஒருவனும் இதுவரை நான் என்று சொல்லவில்லை, பாய் அவர்களுடைய சைக்கிளுக்கே மரத்தடியில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார்.

போன வாரம் காலையில் புலவர் வழக்கம்போல் மேற்கு முனையில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தார். தோணிமேடு கொலை வழக்கு, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. படித்து முடிக்கும்முன் கிழக்கு முனையில் பலகை லேசாக முனகியது, எல்லோருக்கும் கேட்டது, டீ கிளாஸ்கள் வாய்க்குப் பாதி வழியில் நின்றன.

பூங்காவனம் பாய்லரிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"ஒத்தி வச்சது யாருங்க ஐயா?" என்று கேட்டாள்.

புலவர் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, செய்தித்தாளை முகத்திலிருந்து இறக்கினார்.